செம்பருத்திக்குப் பட்டினி

என் மாமனார் நல்லவர். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாராவது எனக்காகப் பரிந்துகொண்டு அவரைத் திட்டினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவரைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அதில் யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை.

அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் 'மாஸ்டர்'. ஷிஃப்ட்டு மாறி மாறி வரும் ஆட்களுக்கு வேளை தவறாமல் ஆக்கிப் போட்ட கை அது. கைக்கு ஓய்வு கொடுத்தார்களே தவிர மனசுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் முதலில் வருவது "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். எல்லோரும்தான் அப்படிக் கேட்கிறோம். ஆனால் நாம் பதிலை நம்பிவிடுவோம், அவர் நம்ப மாட்டார். எப்போது, என்ன, எவ்வளவு என்று குறுக்கு விசாரணை நடக்கும். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் தெருவின் இந்த முனையில் ஆரம்பிக்க வேண்டியவர். அவர் அந்த முனையில் ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக எங்கள் வீட்டு மீட்டருக்கு வந்து சேருவார்.

இப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் ஒரு செடியைப் பட்டினி போட வேண்டிய தலையெழுத்து எனக்கு வந்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. தற்காலிகம். தற்காலிகம் என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆசிரியர் அறையில் எனக்கென்று நாற்காலி கிடையாது. யார் விடுப்போ அவருடைய நாற்காலி. கால அட்டவணையில் எல்லோர் பெயரும் மையில் இருக்கும், என்னுடையது பென்சிலில் இருக்கும். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வருவார், நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார், திருப்தி என்றால் நிரந்தரம் என்றார். "வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம். செய்முறை ஏதாவது செஞ்சு காட்டுங்க. அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துடாதீங்க" என்றும் சொன்னார். அந்த முகத்தைப் பற்றி நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். சுவரில் மாட்டிய படமாவது ஏதாவதொரு பக்கத்திலிருந்து பார்த்தால் சிரிப்பதுபோல இருக்குமாம், இவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படி இருக்க மாட்டாராம்.

பயம் வந்தால் சிலருக்குத் தூக்கம் போகும். எனக்குச் சாப்பாடு போகும். அன்றிலிருந்து தட்டில் கை வைப்பேன், இரண்டு வாய் போனதும் வயிறு கதவைச் சாத்திக்கொள்ளும். மாமனார் பக்கத்தில் கரண்டியோடு நிற்பார். நான் எழுந்ததும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

எந்தச் செய்முறை என்று யோசித்து, இலையில் மாவுப்பொருள் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பார்க்கவும் அழகு, விளக்கவும் எளிது. இலைதான் செடியின் சமையலறை. வெயில் அடுப்பு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் வேர் இழுத்துத் தரும் தண்ணீரும் சாமான்கள். சமைத்ததில் மிஞ்சியதை மாவுப்பொருளாக இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். சமையல் வெளிச்சத்தில் மட்டும்தான் நடக்கும், ஆனால் சாப்பாடு இரவும் பகலும் நடக்கும். ஏனென்றால் அதன் ஒவ்வொரு செல்லும் நம்முடைய செல்லைப் போலவே சுவாசித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் உணவை மெல்ல மெல்ல எரித்துத் தெம்பாக்கிக்கொள்கிறது. ஆகவே செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்தால் சமையல் நிற்கும், சாப்பாடு நிற்காது, கையிருப்பு காலியாகும். பிறகு ஓர் இலையின் நடுவில் கறுப்புக் காகிதத்தைச் சுற்றிச் செடியை வெயிலில் வைக்க வேண்டும். காகிதத்துக்கு அடியில் சமையல் நடக்காது, மற்ற இடத்தில் நடக்கும். அந்த இலையைப் பறித்து, பச்சை நிறத்தைப் போக்கி, அயோடின் விட்டால் மாவுப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும், இல்லாத இடம் ஆகாது. பாடப்புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம்தான்.

வீட்டில் ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு செம்பருத்தித் தொட்டி வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. யாராவது மறந்துபோய் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாது என்று பல்பையும் கழற்றினேன். செடியை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, "யாரும் திறக்காதீங்க" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். எல்லோரும் என்றால் இரண்டு பேர். ஒருவர் மாமனார். இன்னொருவர் என் வீட்டுக்காரர். கட்டட வரைபடம் போடுகிறவர், கதவைப் படத்தில் போடுவாரே தவிர நிஜத்தில் திறக்கச் சோம்பல்படுவார்.

முதல் ஒத்திகையில் இலை முழுக்கக் கறுத்தது. காகிதம் மூடிய இடம், மூடாத இடம் என்ற பேதமே இல்லை. அயோடின் பழசு என்று நினைத்தேன். புதுசு வாங்கினேன். இரண்டாவது ஒத்திகையில் புது அயோடினில் இன்னும் நன்றாகக் கறுத்தது. செடியில்தான் கோளாறு என்று வேறொரு செம்பருத்தி வாங்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது ஒத்திகையின்போது தலைவலி என்று அரை நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. நல்ல வெயில். வெயிலின் நடுவில் என் செம்பருத்தி. அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் படித்து முடித்ததும் கையை நீட்டித் தொட்டியைக் கொஞ்சம் திருப்பினார். அடுத்த பக்கம் படித்து முடித்ததும் இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"மாமா!"

"வாம்மா. சீக்கிரம் வந்துட்டே? சாப்பிட்டியா?"

"செடி ஏன் இங்க இருக்கு?"

"காத்து வாங்குது."

"எத்தனை நாளா வாங்குது?"

"ஆரம்பத்துலேர்ந்தேதான். நீ கிளம்பினதும் எடுத்து வெப்பேன். நீ வர்றதுக்குள்ள உள்ள வெச்சிடுவேன்."

அவரிடம் இது ஒரு தொல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். கேட்கும்வரை மூச்சு விட மாட்டார்.

"அப்புறம் ஏன் அதைச் சுத்திச் சுத்தித் திருப்பறீங்க?"

"ஒரே பக்கம் வெந்தா எப்படி? எல்லாப் பக்கமும் பதமா வர வேணாமா?"

எனக்கு வந்த கோபத்தில் தலைவலி பயந்து ஓடிப்போனது. கத்தினேன். இரண்டு பாட்டில் அயோடின், இரண்டு செடி, என் நிம்மதி எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அவர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நீதானே சொன்னே, இலைதான் சமைக்குதுன்னு? சமைக்கிறவனை இருட்டுல அடைச்சா அவன் எதைச் சமைப்பான், எதைத் தின்பான்? பாவம்மா."

"அது சாகாது மாமா. கையிருப்பு வெச்சிருக்கு. இருட்டுல அதைச் சாப்பிட்டுக்கும்."

"கையிருப்பு தீந்துட்டா?"

"தீரணும்! அதுக்காகத்தானே உள்ள வெக்கிறேன்!"

அவர் முகம் மாறியது. "தீந்த பிறகு?"

"வெயில்ல வெப்பேன்."

"அப்படிச் சொல்லு" என்று முகம் மலர்ந்தார்.

"ஆனா ஒரு இலைக்கு நடுவுல கறுப்புக் காகிதம் சுத்திடுவேன், அங்க மட்டும் வெயில் படாத மாதிரி."

மலர்ந்தது கூம்பியது. "அப்புறம்?"

"அந்த இலையைப் பறிச்சு வெந்நீர்ல போடுவேன். அப்புறம் ஸ்பிரிட்ல போட்டு, பச்சையெல்லாம் போற வரைக்கும் சூடு பண்ணுவேன். கடைசியில அயோடின் விடுவேன்."

மாமனார் எழுந்து நின்றார். "பட்டினி போட்டு, கண்ணைக் கட்டி, கையை உடைச்சு, வெந்நீர்ல முக்கி, சாராயத்துல வேக வெச்சு, கடைசியில காயத்துக்கு மருந்து போடுறே. அப்படி என்னம்மா குத்தம் பண்ணிச்சு அது?"

விஞ்ஞானத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அவரிடம் அது செல்லாது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பஞ்சாயத்து போயிற்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் இடி விழப்போகிறது என்று தெரிந்தாலே வரைபலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடும். ஆகவே நானே நேரடியாகப் பேசினேன்.

"மாமா, அடுத்த வாரம் அதிகாரி வர்றார். இந்த வேலை நிரந்தரம் ஆனா ஆச்சு, இல்லாட்டி எனக்கு இனிமே வயசு வரம்பும் தாண்டிடும். இதுதான் கடைசி. இந்தத் தடவை அந்தச் செடியை அந்த ரூமை விட்டு வெளியே எடுக்க மாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடுங்க."

தட்டுமுட்டுச் சாமான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வெளியே எடுக்க மாட்டேன்" என்றார்.

அது போதும் எனக்கு. அவர் வாக்குத் தவற மாட்டார். எங்கள் கல்யாணத்தன்று மூக்குப்பொடியை விட்டுவிடுகிறேன் என்று சொன்னவர், அதன் பிறகு தும்மலுக்குக்கூட அதைத் தொட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் எனக்கு மூத்தவள், நிரந்தரமானவள், சொந்த நாற்காலி உள்ளவள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி அசடே, யாராவது நிஜமாவே செடியை இருட்டுல வெப்பாங்களா? அயோடினைச் சொட்டு சொட்டா விடு. காகிதம் இருந்த இடத்தை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல விடு. கறுக்க வேண்டியது கறுக்கும். நான் அப்படித்தான் நிரந்தரம் ஆனேன்."

கேட்டு வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடும் அளவுக்கு நான் உத்தமி இல்லை. வாக்கு இருக்கிறதே, அது போதாதா என்று நினைத்தேன்.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு செடி உள்ளே போயிற்று. முதல் நாள் நான் வீடு திரும்பியபோது மாமனார் நல்ல பிள்ளையாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் மட்டும் உள்ளறையிலிருந்து, "யாரோ என் டேபிள் லேம்ப்போட கழுத்தைத் திருப்பி வெச்சிருக்காங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். நாளைக்கு வாழ்வா சாவா என்றிருப்பவளிடம் வந்து விளக்கின் கழுத்தைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்? பேசாமல் இருக்காவிட்டால் வேறு கழுத்து திரும்பும் என்று சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே செடியைப் பள்ளிக்குக் கொண்டுபோய், நல்ல இலையாகப் பார்த்துக் கறுப்புக் காகிதம் சுற்றி, மாடிச் சுவர்மேல் வெயிலில் வைத்தேன். என் பாடம் மதிய இடைவேளைக்கு முந்தின வகுப்பு. அவசரத்தில் சாப்பாட்டுக் கேரியரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டது?

அதிகாரி வந்தார். கேள்விப்பட்டது பொய்யில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழுந்திருக்கும்.

பிள்ளைகளை ஆய்வக மேஜையைச் சுற்றி நிற்க வைத்தேன். சமையலறைக் கதையைச் சொன்னேன். சமையல் பகலில், சாப்பாடு எப்போதும் என்றேன். இலையைப் பறித்து, காகிதத்தை எடுத்துவிட்டு, இலையை வெந்நீரில் முக்கினேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஸ்பிரிட் ஊற்றிய சோதனைக்குழாயை நிறுத்தி அதில் இலையைப் போட்டேன். பச்சையெல்லாம் ஸ்பிரிட்டில் இறங்கி, இலை நரைத்துப் போயிற்று. மறுபடி வெந்நீரில் அலசி வெள்ளைத் தட்டில் விரித்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அயோடின் சொட்டுக்குழாயை எடுத்தபோது கெமிஸ்ட்ரி டீச்சரின் குரல் காதில் கேட்டது. நடுவை மட்டும் விட்டுவிடு. அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், என் கேரியரோடு மாமனார் நிற்பது தெரிந்தது. நான் பார்த்ததும் கேரியரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அந்த மனிதர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், நான் எதற்குத் திருட்டுத்தனம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. சொட்டுக்குழாயை வைத்துவிட்டுப் பாட்டிலையே எடுத்து இலை முழுக்கத் தாராளமாக ஊற்றினேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஓரங்கள் கறுத்தன. நல்லது. பிறகு நடுவும் கறுத்தது.

என் நிரந்தரம் அந்தத் தட்டில் கறுத்துக் கிடந்தது. பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அதிகாரி எழுந்து வந்து மேஜையருகே நின்று தட்டை எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாததால் எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஒரு பெண் உண்டு. கழுத்தை வளைத்துக்கொண்டே கேள்வி கேட்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பட்டப்பெயர். அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நடுவுல கறுக்காதுன்னு சொன்னீங்களே?"

மழுப்ப வழி தெரியவில்லை. உண்மையைத் தவிர வேறு ஒன்றும் கைவசம் இல்லை. "சொன்னேன். கறுத்திருக்கு. அப்ப என்ன அர்த்தம்?" என்று திருப்பிக் கேட்டேன்.

"அங்க மாவுப்பொருள் இருக்கு" என்றான் ஒரு பையன்.

"எப்படி வந்தது? காகிதம் சுத்தியிருந்தேனே?"

"காகிதம் சுத்தறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு டீச்சர். கையிருப்பு தீரலை."

"ரெண்டு நாள் இருட்டுல வெச்சும் ஏன் தீரலை?"

"அப்ப அது இருட்டுல இல்லை!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

வகுப்பு சூடு பிடித்துவிட்டது. அறைக்கு ஜன்னல் உண்டா? இல்லை. பல்பு? கழற்றியாச்சு. வீட்டில் யார் யார்? சொன்னேன். முந்தின ஒத்திகைகள் கெட்டது எப்படி? அதையும் சொன்னேன். பால்கனியில் தொட்டியைத் திருப்பியதைச் சொன்னபோது வகுப்பே குலுங்கியது. "ஆனா இந்தத் தடவை வெளியே எடுக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். அவர் வாக்குத் தவற மாட்டார்" என்றேன், கொஞ்சம் ரோஷத்தோடுதான்.

கேள்விக்குறியின் கழுத்து வளைந்தது. "செடியை வெளியே எடுக்க மாட்டேன்னுதானே சொன்னார் டீச்சர்? விளக்கை உள்ளே கொண்டுபோக மாட்டேன்னு சொல்லலையே?"

வீட்டுக்காரரின் விளக்கு. அதன் கழுத்து. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதிகாரி இருப்பதையே மறந்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"மாமா! உள்ளே வாங்க!"

அவர் சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வேகமாக வந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது அதிகாரி. "வணக்கம் சார். சாப்பிட்டாச்சா?" என்றார்.

அதிகாரியை இத்தனை வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "ம்... இல்லை" என்றார். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று யோசிப்பதுபோல இருந்தது.

"மாமா, செடியை வெளியே எடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லைம்மா. வாக்குன்னா வாக்கு."

"தாத்தா," என்றாள் கேள்விக்குறி, "உள்ளே விளக்கு வெச்சீங்களா?"

கேட்டாகிவிட்டது. இனி அவரால் மறைக்க முடியாது. "வெச்சேன். ஒயர் நீளம் பத்தலை, இன்னொரு ஒயர் போட்டு இழுத்தேன். இலைக்குப் பக்கத்துலயே நல்லா குனிய வெச்சேன். ஹோட்டல்ல ரூமுக்கே கொண்டுபோய்க் குடுக்கறது இல்லையா, அந்த மாதிரி."

வகுப்பு வெடித்தது. அவரும் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தவர், என் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். தட்டில் இருந்த கறுப்பு இலையைப் பார்த்தார். அதிகாரியின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சா?" என்றார் மெதுவாக.

தட்டை அவர் பக்கமாகத் தள்ளினேன்.

அதிகாரி முதல் தடவையாக வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசினார். "மருமகளோட வேலை இதுல இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் செஞ்சீங்க?"

மாமனார் கேரியரை மேஜைமேல் வைத்தார். பிறகு அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"சார், நீங்க வரப்போறீங்கன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து இவ சரியா சாப்பிடலை. தட்டுல கை வெப்பா, எடுத்துடுவா. கேன்டீன்ல சண்டை போட்டுட்டு வந்தவனை, அழுதுட்டு வந்தவனை எல்லாம் உட்கார வெச்சு நான் சாப்பிட வெச்சிருக்கேன். மருமகளை அப்படி அதட்ட முடியுமா சார்? மகனா இருந்தா முதுகுல ரெண்டு போட்டு ஊட்டிடுவேன். இவ ஏதோ கையிருப்புல ஓடிட்டு இருக்கா. அது தீந்தா என்ன ஆகும்னு இவளே பாடம் சொல்றா. இவளுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியலை. அந்தச் செடிக்காவது பண்ணலாமேன்னுதான்..."

இத்தனை நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், ஒரு பொட்டுகூட இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது. அதைவிடப் பெரிதாக, பசி எடுத்தது.

"தப்பு என் பேர்லதான் சார். அவ பேர்ல எழுதிடாதீங்க" என்றார் மாமனார்.

அதிகாரி கோப்பை மூடினார். பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார். "பல வருஷமா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய் இதே பரிசோதனையைப் பார்த்துட்டு இருக்கேன். எல்லா இடத்துலயும் அழகா வரும். ஓரம் கறுப்பு, நடு வெள்ளை, கோடு போட்ட மாதிரி. அயோடினை எங்க சொட்டறாங்க, எங்க சொட்டலைன்னு எனக்குத் தெரியும். நானும் டீச்சரா இருந்தவன்தான். இலை முழுக்க ஊத்தினவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். உங்க டீச்சர் இலையை நம்பினாங்க. இலையும் பொய் சொல்லலை."

கேள்விக்குறி சும்மா இருப்பாளா? "அப்ப எங்க டீச்சர் நிரந்தரமா சார்?"

"ஆமா" என்றார். அந்த முகம் எந்தப் பக்கத்திலிருந்தாவது சிரித்ததா என்று கேட்காதீர்கள். எனக்குக் கண் மறைத்திருந்தது.

மணி அடித்து, பிள்ளைகள் ஓடிய பிறகும் மாமனார் நகரவில்லை. கேரியரைத் திறக்கப்போனார். ஆய்வகத்தில் சாப்பிடக் கூடாது என்று அவரையும் அதிகாரியையும் விரட்டி வராந்தாவுக்குக் கொண்டுவந்தேன். நிரந்தர ஆசிரியை என்ற முறையில் நான் போட்ட முதல் சட்டம் அது. மாமனார் கேரியர் மூடிகளைத் தட்டாக வைத்து மூன்றாகப் பரிமாறினார். அதிகாரி மட்டும் நின்றுகொண்டே கோப்பில் எதையோ எழுதினார்.

"உட்காருங்க சார், ஆறிடும்" என்றார் மாமனார்.

"கையெழுத்துப் போட்டுட்டு உட்காரறேன். சாப்பிட்டுட்டுப் போட்டா அதுக்கு வேற பேரு" என்றார் அதிகாரி. போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நான் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. எனக்கும் கையிருப்பு தீர்ந்துதான் போயிருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் உடம்பில் ஏதோ ஒரு மூலையில் அடுப்பு பற்றுவது தெரிந்தது. மாமனார் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் மாமா" என்றேன்.

அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததாக இதுவரை சரித்திரம் இல்லை. இன்னொரு கரண்டி வைத்தார். சாப்பிட்டேன்.